தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும்: இதையா பலகையில் எழுதுவது?

பதுளைப் பேரன்:
இலங்கை மலையக மக்களின் 200 வருஷ வரலாற்றுக் கண்காட்சிக்காக இங்கே ஒருவர் பலகை வாசகம் போட்டிருக்கிறார். "1823 இல், தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னதை நம்பி நம் முன்னோர் வந்தார்கள்." படித்ததும் வயிறு எரிந்தது. 1823 இல் தேயிலைத் தோட்டம் ஏது? கம்பளைப் பக்கம் அப்போது போட்டது கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867. இல்லாத செடியின் தூரை 44 வருஷம் முன்னாடியே தோண்ட வந்தார்களா?

கொழுந்துக்கூடை:
எழுதியது நான்தான். என் அப்பாயி சொன்ன கதை அது. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் முடியே முளைக்காத ஒரு கோடு அவருக்கு இருந்தது, சாகும் வரைக்கும். அந்தத் தலையைத் தடவிக்கொண்டேதான் "தேங்காயும் மாசியும்னு சொல்லித்தான் கூட்டியாந்தான்" என்பார். உங்கள் தேதிக்காக அவரைப் பொய்க்காரி ஆக்க முடியாது.

பதுளைப் பேரன்:
அப்பாயியை யாரும் குறை சொல்லவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: தேயிலையா, கோப்பியா?

இன்னொன்று. புதுக்கோட்டை, துறையூர்ப் பக்கத்து ஆளுக்கு மாசிக்கருவாடு என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. தெரியாத பண்டத்தைக் காட்டி எப்படி ஆசை காட்டுவது? வந்தவர்கள் ஏமாளிகள் இல்லை. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்தின, கங்காணி முன்பணம் கொடுத்தான், அந்தக் கடன் தோட்டத்துக்குத் தோட்டம் துண்டுச் சீட்டாகக் கூடவே வந்தது, 1921 இல் துண்டு முறையை ஒழிக்கும் வரை. பலகையில் எழுத வேண்டியது இது.

ஆவணப்பித்தன்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான், பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து திரும்பிப் போனார்கள். 1869 இல் இலை நோய் வந்து கோப்பி அழிந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், அதனால்தான் குடும்பம் குடும்பமாக வந்து லயத்தில், அந்த வரிசை அறைகளில், தங்கினார்கள். அந்தக் கதை இந்த இரண்டாம் கட்டத்தில் பிறந்திருக்கலாமே?

பதுளைப் பேரன்:
அப்படியானால் 1823 பொய். நான் சொன்னது அதுதான்.

கொழுந்துக்கூடை:
கதை உண்மை. நான் சொன்னது அதுதான்.

வடக்கு வாசல்:
இந்தச் சண்டையை விடுங்கள். பண்பாட்டுப் பங்களிப்பு என்று காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கூத்தையும் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் இந்தியாவிலிருந்து வந்தவைதானே, மலையகத்தின் பங்கு என்ன?

கொழுந்துக்கூடை:
வாருங்கள், உங்களைத்தான் காணோம். எங்களைத் தோட்டக்காட்டான் என்று இளக்காரமாகச் சொன்ன வடக்குத் தமிழர் வாய் இப்போது பங்கு கேட்கிறது. பகல் முழுக்க மலையில் நின்றவர்கள் மாசி மாதத்து இரவுப் பனியில் தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்து, காமன் கம்பம் ஊன்றி, ரதியும் மதனுமாக லயத்து வாசல் வாசலாக ஆடியது உங்களுக்குப் பங்காகத் தெரியவில்லையா? கங்காணியையும் துரையையும் வைது அவர்கள் கட்டிய பாட்டு இந்தியாவில் எங்கே இருந்தது? மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்திருக்காவிட்டால் அதுவும் போயிருக்கும்.

வடக்கு வாசல்:
நான் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. கேள்வி கேட்டாலே வசவா?

கோத்தகிரிக்காரன்:
200 வருஷம் கொண்டாடுகிறீர்கள், அதில் நாங்கள் எங்கே? 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. என் அப்பா அந்தக் கணக்கில் வந்தவர். நீலகிரியில் எங்களைப் போன்றவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன். பலகையில் ஒரு வரியாவது உண்டா?

பதுளைப் பேரன்:
உங்கள் வலி பெரிது, தனிப் பலகை வையுங்கள். ஆனால் 1948 இல் குடியுரிமையைப் பறிகொடுத்துவிட்டு நாடற்றவர்களாக இங்கேயே கிடந்தவர்கள் நாங்கள். என் பெரியப்பாவின் விண்ணப்பத்தை ஓர் அலுவலகத்தில் "பிறந்த சான்று எங்கே" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்தவருக்குச் சான்று எங்கிருந்து வரும்? அதனால்தான் தேதியில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன். நம்மிடம் காகிதம் இல்லை என்று சொல்லித்தான் நம்மை அழித்தார்கள், நாமே தப்பான காகிதத்தை எழுதிக் கொடுத்தால் நாளைக்கு ஒருவன் இதே பலகையைக் காட்டி முழு வரலாறும் கட்டுக்கதை என்பான்.

கோத்தகிரிக்காரன்:
தனிப் பலகையா? கப்பலில் ஏற்றிவிட்டவர்களும் இதைத்தான் சொன்னார்கள், உங்களுக்குத் தனி ஊர் என்று.

ஆவணப்பித்தன்:
கம்பளையில் பழைய பீக்கொக் தோட்டத்து லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டாவது பேசலாமே. ஒரு காம்பரா எவ்வளவு சின்னது என்று நின்று பார்த்தால் தெரியும்.

பதுளைப் பேரன்:
காம்பராவில் பிறந்தவனுக்கே காம்பராவைக் காட்டுகிறீர்களா? சரி, பார்க்கலாம். முதலில் பதில் வரட்டும்.

கொழுந்துக்கூடை:
பலகையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். துரைமார் பேரேட்டில் அப்பாயிக்கு ஓர் எண்தான் இருந்தது, அவர் பேச்சு இருக்கும் ஒரே இடம் இந்தப் பலகை.

பதுளைப் பேரன்:
தேயிலையா, கோப்பியா? மறுபடியும் கேட்கிறேன்.