வயலின் பெட்டிக்குள்ள பூசணம், வில் முடியும் அறுந்து போகுது. என்ன செய்யலாம்?

கேள்வி – குளச்சல்:
ஒட்டுப்பலகைப் பெட்டி, உள்ள நீல வெல்வெட். ரெண்டு மாசமா அலமாரியில இருந்துது. திறந்தா ஊசின வாடை. கழுத்து சாயுற இடத்துல வெள்ளையா பூசணம். ஜிப் பாதியில நிக்குது, பல்லுல பச்சைப் படிவு. யாரும் வாசிக்காமலே வில்லுல பத்துப் பதினஞ்சு முடி அறுந்து தொங்குது. வெயில்ல காயவச்சு பாச்சை உருண்டை போட்டா போதுமா?

பதில் – நாகர்கோவில்:
பாச்சை உருண்டை வேண்டாம். ஈரத்தை அது எடுக்காது, வாடை மட்டும் வெல்வெட்ல ஏறி மாசக்கணக்கா நிக்கும்.

வயலின், வில், ரோசின் (வில் முடியில தேய்க்கிற பிசின் கட்டி) எல்லாத்தையும் வெளியே எடுங்க. வயலினைக் காய்ஞ்ச பருத்தித் துணியால மட்டும் துடைங்க. பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், மாஸ்க் போட்டுட்டு, மெல்லிய பிரஷ்ஷால தட்டி வேக்குவம் பிடிங்க. ஈரத்துணியை முதல்லயே வைக்காதீங்க, பூசணம் இழைக்குள்ள அப்பிடும். பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில நனைச்சுப் பிழிஞ்சு ஒத்துங்க; சாயம் போகுதான்னு ஒரு மூலையில பார்த்துட்டு. ஸ்ப்ரே அடிச்சா அடி ஃபோம் வரை இறங்கி பசை விட்டுடும். ப்ளீச் பக்கமே போகாதீங்க, நீலம் வெளுத்துடும்.

மூடியைத் திறந்து ஃபேன் காத்துல ஒரு நாள் முழுக்க விடுங்க. ஆல்கஹால் வயலின் வார்னிஷைக் கரைக்கும், வாடை அறவே போன பிறகுதான் உள்ள வைக்கணும். வெறும் பெட்டிக்குக் காலை இளவெயில் ஒரு மணி நேரம் பரவாயில்ல. உச்சி வெயில்னா வெல்வெட் கொப்புளமா எழும்பும்.

பதில் – மார்த்தாண்டம்:
முடி அறுந்தது ஈரத்தால இல்ல, பூச்சி. கம்பளி அரிக்கிற ஒரு வண்டோட புழு, இருட்டுப் பெட்டிக்குள்ள குதிரைமுடியைத் தின்னும். தையல் ஓரம், ரோசின் அறை, மூடி மடிப்புல பழுப்பு நிறத்துல புழு உரிச்ச காய்ஞ்ச தோல் கிடக்கும், சில மில்லிமீட்டர்தான். அங்கெல்லாம் வேக்குவம் ரெண்டு தடவை போகட்டும். தொங்குற முடியை இழுக்காதீங்க, ரெண்டு முனையிலயும் கத்தரிங்க. ஒரே பக்கமா நிறைய போயிருந்தா புதுமுடி கட்டணும், இல்லாட்டி வில் குச்சி கோணும்.

கேள்வி – குளச்சல்:
நன்றி அண்ணா. ஜிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா? ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் எவ்வளவு போடணும்?

பதில் – நாகர்கோவில்:
எண்ணெய் வேண்டாம். ரோசின் தூள் ஒட்டிப் பிசினாயிடும். பச்சை, பித்தளையில உப்புக்காத்து செஞ்ச வேலை. வினிகரும் தண்ணியும் சமமாக் கலந்து பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சு, நல்ல தண்ணியில ரெண்டு தரம் துடைச்சு, காய்ஞ்சதும் மெழுகுவத்தியை ஓட்டுங்க.

ஜெல் 50 கிராம் பை ரெண்டு போதும், வார்னிஷ்ல தொடாம வைங்க. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்க; நீலத்துல நச்சான கோபால்ட் உண்டு. ஈரம் ஏறிப் பச்சையா மாறினா, சமைக்காத பழைய சட்டியில சிறுதீயில கிளறுங்க, ஆரஞ்சு திரும்பிடும். சின்ன ஈரமானி ஒண்ணு வச்சா ஈரப்பதம் 40–60 சதவீதத்துக்குள்ள நிக்குதான்னு தெரியும். நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஜூன் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருக்கா பாருங்க. அலமாரியில சுவரை ஒட்டி வைக்காதீங்க, நாலு விரல் இடைவெளி விடணும்.

கேள்வி – குளச்சல்:
ஃபோமைத் தூக்கினேன், அடிப்பலகை கருத்திருக்கு.

பதில் – மார்த்தாண்டம்:
நகத்தால அழுத்துங்க. கெட்டியா இருந்தா அதே ஆல்கஹால்ல துடைச்சு, நல்லாக் காயவிட்டு ஒட்டுங்க. குழி விழுந்தா பலகை உளுத்தாச்சு, பெட்டியை மாத்திடுங்க.