பெரிய கோர்ஸைப் பிரிச்சு அடுக்கின அனுபவம்: உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

புதுசா வேலைக்குச் சேர்றவங்களோட ஆன்லைன் பயிற்சியை நான்தான் பார்த்துக்கிறேன். நான் பொறுப்பெடுத்தப்போ பாதுகாப்பு, வாடிக்கையாளர் சேவை, பில்லிங் எல்லாம் ஒரே நீளக் கோர்ஸா கிடந்துச்சு. பில்லை ரத்து பண்றது எப்படின்னு மட்டும் பார்க்கணும்னாலும் மொத்தத்தையும் உருட்டணும்.

அதைச் சின்னச் சின்னதா உடைச்சது சுலபம். எதை எதோட சேர்க்கிறதுங்கறதுலதான் தலைவலி. டிபார்ட்மென்ட் வாரியா அடுக்கச் சொன்னாங்க. நான் ஒத்துக்கலை. கவுண்டர்ல நிக்கிறவருக்கு டிபார்ட்மென்ட் எதுக்கு? எதிர்ல ஒருத்தர் பணத்தைத் திருப்பிக் கேட்டுட்டு நிக்கிறார். அதனால 'பணம் திருப்பித் தருதல்'னே ஒரு தொகுப்பு வச்சேன்: விதிமுறை, சாஃப்ட்வேர்ல பண்ற முறை, கோபமா இருக்கிறவர்கிட்ட பேசற விதம். மூணும் மூணு டிபார்ட்மென்ட் தயாரிச்சது, ஆனா வேலை ஒண்ணு.

அந்த மூணாவது கோர்ஸ் 'புகார் கையாளுதல்' தொகுப்புலயும் வருது. அதனால 'போன பாடத்துல பார்த்தோமே'ங்கற வரியை எங்க கண்டாலும் எடுத்துட்டேன். வேற தொகுப்பு வழியா வர்றவருக்கு அந்தப் போன பாடமே கிடையாது. வீடியோல குரலா இருந்த இடங்களை மறுபடி ரெக்கார்ட் பண்ணினோம். அலைச்சல்தான், ஆனா கண்டிப்பா பண்ணணும்.

பதில்:
எங்க கோர்ஸைப் பிரிக்க வச்சது ஸ்கார்ம், அதாவது ஆன்லைன் பாடத்தைப் பேக்கேஜா கட்டி ஏத்தறதுக்கான தரமுறை. அதோட 1.2 பதிப்புப் பேக்கேஜ்ல விட்ட இடம், குவிஸ் நிலவரம் எல்லாம் சேமிக்கிற 'சஸ்பெண்ட் டேட்டா'வுக்கு 4,096 எழுத்துதான் இடம். குவிஸ் நிறைய வச்ச பெரிய கோர்ஸ்ல அது நடுவுலயே நிரம்பிடுச்சு. ஒருத்தர் கடைசிப் பகுதி வரை போய் மூடிட்டு, மறுநாள் திறந்தா பழைய இடத்துலயே நிக்குது. பாவம், அத்தனையும் திரும்பப் பண்ணினார். ஸ்கார்ம் 2004 நாலாம் பதிப்புல 64,000 எழுத்து வரை போகலாம், ஆனா எங்க எல்எம்எஸ் (பயிற்சியை நடத்துற சாஃப்ட்வேர்) அதை ஏத்துக்காது. பிரிச்சு ஒவ்வொண்ணையும் தனிப் பேக்கேஜா ஏத்தினதும் அந்தப் புகார் நின்னுடுச்சு.

பதில்:
எல்எம்எஸ்ஸா மூடுல்ங்கற சாஃப்ட்வேர் வச்சிருக்கிறவங்க கவனிங்க. கோர்ஸ் கம்ப்ளீஷன்ல 'இன்னொரு கோர்ஸ் முடிச்சிருக்கணும்'னு நிபந்தனை வச்சா அது பூட்டு ஆகாது. உள்ள போறதைத் தடுக்காது. முந்தினது முடியாம இது முடிஞ்சதா காட்டாது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும். அனுபவம் உள்ளவர் நேரா மூணாவது கோர்ஸுக்குப் போகட்டுமே. பாதுகாப்புப் பயிற்சிக்கு மட்டும் வரிசை மாறவே கூடாது.

முதல்ல எழுதினவருக்கு ஒரு கேள்வி: அந்தப் பொதுக் கோர்ஸை ஒரு தொகுப்புல முடிச்சவருக்கு இன்னொண்ணுலயும் முடிஞ்சதா காட்டுதுங்களா?

பதில்:
காட்டுதுங்க. நகல் எடுக்காம, ஒரே கோர்ஸைத்தான் ரெண்டு தொகுப்புலயும் இணைச்சிருக்கேன். நகல் எடுத்தா, விதிமுறை மாறும்போது ஒண்ணைத் திருத்திட்டு இன்னொண்ணை அப்படியே விட்டுடுவாங்க.