‘பிரியாவிடை யமாட்டோ’ (1978): முதல் தடவை பார்க்கிறவங்க எங்கே தடுக்கி விழறாங்க?

கடைசி வரிசை

ஜப்பான் அனிமே ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ தொடரை முடிச்ச சூட்டோட அதோட 1978 படத்துக்குப் போறவங்க பலரும் ஒரே இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. இங்கே இருக்கிறவங்க தெரிஞ்ச விவரத்தைப் போடுங்க. முடிவு வரைக்கும் பேசுவோம், படம் பார்க்காதவங்க இப்பவே கிளம்பிடலாம்.

அடிப்படை மட்டும் நான் போட்டுடறேன். தொடர் 1974 அக்டோபர் 6 முதல் 1975 மார்ச் 30 வரை, 26 பகுதி. திட்டம் இதைவிட நீளம். ஞாயித்துக்கிழமை அதே நேரத்துல எதிர் சேனல்ல ‘ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி’ ஓடுச்சு, பார்வையாளர் எண்ணிக்கை ஏறல, அதனால சுருக்கிட்டாங்க. மறுஒளிபரப்புலதான் கூட்டம் சேர்ந்துச்சு. 1977 ஆகஸ்ட்ல தொடரையே வெட்டி ஒட்டி ஒரு படமா விட்டாங்க. முதல் நாளுக்கு முந்தின ராத்திரியே தியேட்டர் வாசல்ல வரிசை. அந்தக் கூட்டத்தைப் பார்த்துதான் 1978 ஆகஸ்ட் 5-ல புதுக்கதையோட 151 நிமிஷப் படம் வந்துச்சு. தயாரிப்பு நிஷிசாகி, இயக்கம் மாசுதா தோஷியோ.

மொட்டைமாடி டெலஸ்கோப்

1977 படத்தைப் பார்த்துட்டு ‘தொடரே பார்த்தாச்சு’ன்னு நினைக்காதீங்க. 26 பகுதியை ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல அடக்கினா எது போகும்? பூமி அழிய இன்னும் எத்தனை நாள்னு ஒவ்வொரு பகுதி முடிவுலயும் வரும் பாருங்க, அந்தப் பதற்றம் போயிடும். சமையலறை, மருத்துவ அறை, இன்ஜின் அறைன்னு கப்பலுக்குள்ள இருக்கிற ஆளுங்களோட பழக்கமும் போயிடும். 1978 படத்துல வரிசையா செத்துப் போறது அந்த ஆளுங்கதான். இன்ஜின் அறைக் கிழவர் டொக்குகாவா யாருன்னே தெரியாதவங்களுக்கு அவர் சாவு வெறும் சத்தம்தான்.

முழுசா பார்க்க நேரம் இல்லையா? 1 முதல் 5 வரை, அப்புறம் 22 முதல் 26 வரை, இந்தப் பத்தாவது பாருங்க. அஞ்சாவதுலதான் கப்பல் முகப்புல இருக்கிற ராட்சசப் பீரங்கியான வேவ் மோஷன் கன்னை முதல்ல சுடுவாங்க, வியாழன்ல மிதக்கிற கண்டம் மேல. அதைப் பார்த்தவங்களுக்குப் படத்துல பீரங்கிக் காட்சிகள் வேற மாதிரி தெரியும்.

அலைப்பீரங்கி

பீரங்கின்னதும் வந்துட்டேன். அந்தக் காட்சியோட ருசி வெடிப்புல இல்லைங்க, வரிசையில இருக்கு. பீரங்கிக்கான சுற்றைத் திற. பாதுகாப்புப் பூட்டை எடு. இலக்குக் கண்ணாடி மேல எழும்பும். குறுக்குக் கோட்டோட வெளிச்சம் 20. ஆற்றல் 120 சதவீதம். அதிர்வுக்கும் கண்கூசும் ஒளிக்கும் தயாரா இரு. எல்லாரும் கறுப்புக் கண்ணாடி மாட்டுவாங்க. அப்புறம் எண்ணிக்கை, அப்புறம்தான் விசை.

நம்ம ஊர்ல ராக்கெட் விடும்போது கேக்கிற கவுண்ட்டவுன் மாதிரி ஒவ்வொரு அடியையும் ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் திருப்பிச் சொல்வார். கப்பலோட மொத்த சக்தியும் முகப்புக்குப் போறதால அந்த நேரத்துல வேற எதுவும் செய்ய முடியாது. சுட்டதுக்கு அப்புறமும் சக்தி ஏற நேரமாகும். மொத்த நாடகமும் இந்த ஓட்டையை வெச்சுதான். ஃபார்வர்டு பண்ணி வெடிப்பை மட்டும் பார்க்கிறவங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காது.

படத்துல எதிரி ஒரு வால்மீன் வடிவத்துல வருது, அதுல மூணு அடுக்கு, இதையும் மனசுல வெச்சுக்கோங்க. வெளியில வால்மீனோட வாயுப் போர்வை. யமாட்டோ அதோட சுழி மையத்துல சுட்டுப் போர்வையைக் கழட்டும். உள்ள கோட்டை நகரம், அதை ஆளுங்க நுழைஞ்சுதான் தகர்க்கணும். அதுக்கும் உள்ள ராட்சசக் கப்பல். அந்த மூணாவது வரும்போது பீரங்கியும் இல்லை, ஆளும் இல்லை. முடிவு ஏன் அப்படிங்கிறதுக்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ரெண்டு முடிவு

பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கு. படம் முடியறப்போ யமாட்டோ இனி உங்க முன்னால தோன்றாதுங்கிற பொருள்ல எழுத்து ஓடும். சரியா 70 நாள் கழிச்சு, 1978 அக்டோபர் 14-ல, ‘யமாட்டோ 2’ தொலைக்காட்சியில ஆரம்பிச்சது! அதே வால்மீன், அதைப் பத்தி எச்சரிக்கிற அதே தெரேசா, 26 பகுதி, 1979 ஏப்ரல் 7 வரை. முடிவு மட்டும் வேற.

படத்துல கதாநாயகி யூகி சாவா. கதாநாயகன் கோடாய் மிச்சம் இருக்கிறவங்களை இறக்கி விட்டுட்டு அவ உடலோட கப்பலைக் கொண்டுபோய் மோதுவான். சனாடா, டாக்டர் சாடோ, டொக்குகாவா, சாய்ட்டோன்னு கப்பல் ஆளுங்க பலரும் காலி. தொடர்ல தெரேசாதான் தன்னையே கொடுக்கிறா, கோடாயும் யூகியும் பிழைப்பாங்க. சனாடாவும் சாடோவும் பிழைப்பாங்க. டொக்குகாவாவும் சாய்ட்டோவும் ரெண்டுலயும் தப்பிக்கல. முதல் தொடர்ல எதிரித் தலைவனா இருந்த டெஸ்லர் படத்துல சாவான், தொடர்ல உயிரோட போவான். ஹிஜிகாட்டாவைக் கவனிங்க: படத்துல அவர் யமாட்டோ கேப்டன், தொடர்ல ஆந்த்ரோமெடாங்கிற இன்னொரு கப்பலோட செத்துப் போயிடுவார்.

இதுக்கு அப்புறம் வந்த பழைய வரிசைப் படங்கள் எல்லாமே தொடர் முடிவைத்தான் பிடிச்சுக்கிட்டுப் போகுது. அதனால 1978 படத்தைப் பார்த்த கையோட 1979 ஜூலைல வந்த ‘புதிய பயண’த்தைப் போட்டா, செத்தவங்கள்ல பலர் டெக்ல நின்னுட்டிருப்பாங்க, டெஸ்லர் நண்பனா வருவான். டிஸ்க் மாறிப் போச்சோன்னு தோணும்.

என் வரிசை: முதல் தொடர், 1978 படம், ரெண்டு மூணு நாள் இடைவெளி, அப்புறம் ‘யமாட்டோ 2’, அதுக்கு அப்புறம்தான் மத்தது. சிலர் படத்தைக் கடைசியா வைக்கச் சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கோடாயும் யூகியும் பிழைக்கிற முடிவு தெரிஞ்சதுக்கு அப்புறம் படத்தைப் பார்த்தா அந்த அடி விழாது.

கடைசி வரிசை

தற்கொலைத் தாக்குதலை அழகாக் காட்டுதுங்கிற குறையையும் சொல்லணும். கப்பலோட பேரே 1945 ஏப்ரல் 7-ல திரும்பி வர வழியில்லாத பயணத்துல மூழ்கின நிஜ யமாட்டோவோடது. அந்த நிழல்ல ஒருத்தன் கப்பலோட மோதினா ஜப்பான்ல யாருக்கும் அது வெறும் விண்வெளிக் கதையா இருக்காது. யமாட்டோவை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான மங்கா ஓவியர் மாட்சுமோட்டோ லெய்ஜிக்கே இந்தச் சாவு பிடிக்கலைங்கிறது பரவலா தெரிஞ்ச விஷயம். எனக்கும் கடைசி இருபது நிமிஷம் கொஞ்சம் அதிகப்படிதான். ஆனா மியாகாவா ஹிரோஷியோட ஆர்கன் இசை வால்மீன் வரும்போதெல்லாம் நெஞ்சுல உக்காருது. வாசிச்சது அவர் பையன் அகிரா.

சப்டைட்டில் தச்சர்

கோப்பு விஷயம் மூணு.

ஒண்ணு, 151 நிமிஷத்துக்குப் பதிலா சுமார் 145 காட்டுச்சுன்னா எதையும் வெட்டிட்டாங்கன்னு பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 சட்டகத்தை 25-ல ஓட்டினா நாலு சதவீதம் வேகம் கூடும், குரலும் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும். சப்டைட்டில் ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகும். நொடிக் கணக்குல தள்ளி வெச்சுப் பிரயோஜனம் இல்லை. எல்லா நேரத்தையும் 0.96-ஆல பெருக்கணும்.

ரெண்டு, 1983-ல வந்த ‘இறுதி யமாட்டோ’. மார்ச் மாசப் பிரதி 163 நிமிஷம், நவம்பர்ல வந்த 70 எம்.எம். பிரதி 152. இது வேகக் கோளாறு இல்லை, எடிட்டிங்கே வேற. ஒண்ணோட சப்டைட்டில் இன்னொண்ணுக்கு எந்தப் பெருக்கலுக்கும் பொருந்தாது. காட்சி காட்சியா பிரிச்சுதான் ஒட்டணும்.

மூணு, பேர்கள். 1979-ல அமெரிக்காவுக்குப் போன ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ பதிப்பை வெச்சு எழுதின சப்டைட்டில்ல கோடாய் வைல்ட்ஸ்டார் ஆயிடுவான், யூகி நோவா, டெஸ்லர் டெஸ்லாக், கப்பல் ஆர்கோ. டாக்டர் சாடோ குடிக்கிற சாக்கேங்கிற ஜப்பான் மது ஊற்றுத் தண்ணி ஆயிடும்! பாட்டில் மட்டும் அதே பாட்டில். குழந்தைங்க நிகழ்ச்சின்னு மாத்தினாங்க, ஆனா தண்ணி குடிச்சு இப்படித் தள்ளாடற ஆளை நான் வேற எங்கயும் பார்க்கல.

மொட்டைமாடி டெலஸ்கோப்

ஒண்ணு விட்டுப் போச்சு. 1980 ஆகஸ்ட் 2-ல வந்த ‘என்றென்றும் யமாட்டோ’வுல, கப்பல் இரட்டை விண்மீன் மண்டலத்துக்குள்ள நுழையற இடத்துல திரை அகலமாகும். அதுவரை சாதாரண அகலப்படம், அங்கிருந்து சினிமாஸ்கோப். தியேட்டர்ல திரை விரியும், நம்ம டிவில தலைகீழா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வரும். கோளாறுன்னு நினைச்சு ஜூம் பட்டனை அமுக்கிடாதீங்க, ரெண்டு ஓரமும் வெட்டுப்படும். டிவி செட்டிங்ல ‘ஆட்டோ ஜூம்’ இருந்தா படத்துக்கு முன்னாலயே அணைச்சு வைங்க.