பழைய வி.ஜி.பி. கோல்டன் பீச் நினைவிருக்கிறதா?

அடையாறுவாசி:
தொண்ணூறுகளில் சென்னைக் கடற்கரையோரம் உள்ள அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சிலை மனிதர்தான். சீருடையும் மீசையுமாக அசையாமல் நிற்பார். சித்தப்பா என்னென்னவோ சேட்டை செய்து பார்த்தும் அவர் சிரிக்கவே இல்லை. மதியம் சவுக்கு நிழலில் தூக்குவாளியைத் திறந்தால் புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். அப்புறம் சாயங்காலம் வரை கடல்.

சமீபத்தில் பிள்ளைகளை வேறொரு பெரிய பூங்காவுக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே பையைச் சோதித்து, சாப்பாட்டை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே கூடுதல் பணம் கட்டியவர்களுக்குத் தனி வரிசை. "நாம ஏன்ப்பா அதுல போகல?" என்று மகள் கேட்டபோது நெஞ்சு கனத்துவிட்டது. எல்லா இடமும் இப்படித்தானா?

பல்லாவரம் பாலு:
வெளிநாட்டிலும் இதே கதைதான். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1999இல் வந்த ஃபாஸ்ட்பாஸ், அதாவது நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரிக்குப் போகும் சீட்டு, இலவசமாக இருந்தது. 2021இல் அதற்குப் பதிலாகக் கட்டண முறை வந்துவிட்டது. ஆனால் ஒன்று, 1980களின் தொடக்கம் வரை அங்கே சவாரிக்குச் சவாரி சீட்டுக் கிழிக்க வேண்டியிருந்தது.

மீனா அக்கா:
ராட்டினத்துக்குப் பராமரிப்பு, மின்சாரம் என்று செலவு இருக்கிறது தம்பி, கட்டணம் ஏறட்டும். வீட்டுச் சோற்றைத் தடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வாசலில் உட்கார்ந்து சாப்பிட ஒரு கொட்டகையாவது போடலாமே.