யாழ்ப்பாணத்தில இருந்து உடையிற சாமான் எடுப்பிக்கிறவைக்கு: காட்போட் மடிச்சு வைக்கிற முறை

புதுசா வெளிநாடு வந்து வீடு எடுத்த ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்வி இது: ஊரில இருக்கிற சாமிப்படம், சீனாக் கோப்பையள், மண்சட்டி, முகம் பாக்கிற கண்ணாடி எல்லாம் கப்பலில உடையாமல் வந்து சேருமோ? வரும். அதுக்குப் பபிள் ராப் றோல் கணக்கில வாங்கத் தேவையில்லை. கடைக்காரர் வெளியில போடுற காட்போட் பெட்டியளை வெட்டி மடிச்சாலே காணும். எந்தப் பக்கமாக மடிக்கிறது, எவ்வளவு இடம் விடுறது எண்டதிலதான் எல்லாம் இருக்கு. ஊரில உங்கடை சாமானைக் கட்டப்போற ஆளுக்கு இதை அப்பிடியே அனுப்பிவிடுங்கோ.

முதல்ல ஒரு கணக்கு. லொறியில ஏத்திற ஆளின்ரை கையில இருந்து, 75 சென்ரிமீற்றர் உயரத்தில, ஒரு பெட்டி நழுவி சீமெந்து நிலத்தில விழுகுது எண்டு வையுங்கோ. உள்ளுக்கு இருக்கிற சாமான் 2.5 மில்லிமீற்றர் தூரத்துக்குள்ள நிண்டால் அதில ஏறுற விசை சராசரியா அதின்ரை நிறையைப் போல 300 மடங்கு. அதே சாமான் 2.5 சென்ரிமீற்றர் அமுங்கி நிண்டால் 30 மடங்குதான். ஆகவே மட்டையின்ரை வேலை சாமானை இறுக்கிப் பிடிக்கிறதில்லை, அமுங்கிக் குடுக்கிறது. பழைய சீலை, பேப்பர் எல்லாத்தையும் அடைச்சு, கல்லுப் போல இறுக்கிக் கட்டினால் பாதுகாப்பு எண்டு நினைக்கிறது கனபேர் விடுற பிழை. இறுகினது அமுங்காது. அமுங்காதது அடியை அப்பிடியே கோப்பைக்குக் குடுத்துவிடும்.

மடிச்ச மட்டை தன்ரை உயரத்தில ஏறத்தாழப் பாதிதான் உருப்படியா அமுங்கும். அதுக்குப் பிறகு கட்டியாகிவிடும். அதனால 2.5 சென்ரிமீற்றர் அமுங்க வேணும் எண்டால் 5 சென்ரிமீற்றர் இடம் வேணும். மேல், கீழ், நாலு பக்கம் எல்லாத்திலையும். கீழ மட்டும் மெத்தை போட்டு, பக்கத்தை வெறும் பேப்பரால அடைக்கிற பெட்டியள் தான் மூலையில விழேக்கை உடையிறது.

மட்டை எடுக்கிறது: ரீவி, ஃபிரிஜ் விக்கிற கடையளில பெரிய, மடிப்பில்லாத காட்போட் தகடு கிடைக்கும். ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் மருந்துக் கடையளில சின்னதா, துப்புரவா, காய்ஞ்ச பெட்டியள் கிடைக்கும். சந்தையில மரக்கறி, பழம் வந்த பெட்டி வேண்டாம். அதில ஈரமும் இருக்கும், பூச்சியும் இருக்கும். வெட்டின விளிம்பைப் பாருங்கோ: ரெண்டு தாளுக்கு நடுவில ஒரு வரிசை நெளி (அலை போல வளைஞ்ச தாள்) இருந்தால் ஒற்றை நெளி, 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்பு. ரெண்டு வரிசை இருந்தால் இரட்டை நெளி, ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். வெளிப்பெட்டிக்கு இரட்டை நெளி, மடிக்கிறதுக்கு ஒற்றை நெளி. இரட்டை நெளியை மடிச்சால் தாள் வெடிக்கும். முந்தி நசுங்கின இடங்களை வெட்டி எறியுங்கோ. ஒருக்கா நசுங்கின நெளி திரும்ப எழும்பாது.

இனி மடிப்பு. விசிறி மடிக்கிறது போலத்தான். 60 சென்ரிமீற்றர் நீளத் துண்டு ஒண்டை எடுத்து, 6 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போடுங்கோ. பத்துப் பலகை (கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில வாற துண்டு) வரும். மை முடிஞ்ச பேனையாலையோ கரண்டிக் காம்பாலையோ அடிமட்டத்தைப் பிடிச்சு அழுத்திக் கோடு இழுக்கவேணும். பிளேட் படக்கூடாது, தாள் வெட்டுப்பட்டால் மடிப்பு அதிலயே கிழியும். மடிப்பின்ரை உள்பக்கத்திலதான் கோடு வரவேணும், அதனால ஒண்டுவிட்டொண்டு மட்டையைத் திருப்பித் திருப்பிப் போடுங்கோ. மடிச்ச பிறகு 30 சென்ரிமீற்றர் நீளத்துக்கு இழுத்து விட்டால் உயரம் 5 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல நிக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டிய மெத்தை.

நெளி ஓடுற திசையில கவனம். மடிப்புக் கோடு நெளியோட சேர்ந்து ஓடினால் பலகை மெதுவா வளையும்: கோப்பை, கிளாஸ், சின்னப் பொம்மை போல பாரம் குறைஞ்சதுக்கு அது சரி. மடிப்புக் கோடு நெளியைக் குறுக்கால வெட்டிக்கொண்டு போனால் பலகை விறைப்பா நிக்கும்: மண்சட்டி, தட்டுக் கட்டு, கிரைண்டர் போல பாரமானதுக்கு அது. மாறிச் செய்தால் ரெண்டு பக்கமும் நட்டம். பாரமான சாமான் மெல்லிய மடிப்பை முதல் நாளே தட்டையாக்கிப்போடும். பாரமில்லாத கோப்பை விறைச்ச மடிப்பை அமுக்கவே மாட்டுது.

சோதிக்கிறது சுகம். மடிப்புக்கு மேல சாமானை வையுங்கோ. தன்ரை பாரத்தில சில மில்லிமீற்றருக்கு மேல இறங்கக்கூடாது. கையால ஊண்டி அமத்தினால் பாதிக்கு இறங்கவேணும். இறங்காட்டி ஒண்டுவிட்டொரு பலகையில ஓட்டை வெட்டி எடுங்கோ. கூட இறங்கினால் மடிப்பை நெருக்குங்கோ.

இந்த மடிப்புக்கு ஒரு குணம் உண்டு: பாரம் ஏற ஏறக் காலை அகட்டிக்கொண்டு படுக்கப் பாக்கும். ரெண்டு நுனியும் பெட்டிச் சுவரில முட்டிக்கொண்டு நிக்கவேணும், இல்லாட்டி அடியில ஒரு தட்டை மட்டை வைச்சு ரெண்டு நுனியையும் அதில ரேப் அடிச்சுவிடுங்கோ. மேலையும் ஒரு தட்டை மட்டை வேணும். மடிப்பு முனையள் நேரா ஒரு மெல்லிய கண்ணாடியில குத்தினால் விசை முழுக்க ஒரு கோட்டில வந்து சேரும்.

படச் சட்டத்துக்கு விசிறி மடிப்பை விட முக்கோணக் குழாய் நல்லது. 20 சென்ரிமீற்றர் அகலத் துண்டை 6, 6, 6, 2 எண்டு மடிச்சு, கடைசி 2 சென்ரிமீற்றரை உள்ளுக்கு ஒட்டுங்கோ. உதாரணத்துக்கு 40க்கு 50 சென்ரிமீற்றர் படம் எண்டால், 50க்கு 60 அளவில நாலு தட்டை மட்டை வெட்டுங்கோ. முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் ரெண்டு. ஒண்டில நெளி நீளப்பாட்டில, மற்றதில குறுக்குப்பாட்டில ஓடவேணும், அப்பதான் எந்தப் பக்கமும் வளையாது. படத்தை நடுவில வைச்சு, சுத்தி வர நிக்கிற 5 சென்ரிமீற்றர் இடத்தில அந்தக் குழாயளை வையுங்கோ. மட்டை சட்டத்தின்ரை விளிம்பிலதான் முட்டவேணும், கண்ணாடியில முட்டக்கூடாது. கண்ணாடிக்கு மேல ரேப்பைக் குறுக்கும் மறுக்கும் ஒட்டுறது உடையிறதைத் தடுக்காது. உடைஞ்சால் துண்டுகள் படத்தைக் கீறாமல் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். அதுக்கும் மாஸ்கிங் ரேப் பாவியுங்கோ. படமும் கண்ணாடியும் எப்பவும் நிமிர்ந்து நிக்கவேணும். படுக்க வைச்ச கண்ணாடிக்கு மேல ஆரும் ஒரு பெட்டியைத் தூக்கி வைப்பினம். தட்டுகளும் அப்பிடித்தான், நிமிர்த்தி அடுக்குங்கோ.

கோப்பை, கிளாசுக்குத் தடுப்பு. 40க்கு 30 பெட்டியில 10 சென்ரிமீற்றர் அறை பன்னிரண்டு வேணும் எண்டால், 40 சென்ரிமீற்றர் துண்டு ரெண்டு, 30 சென்ரிமீற்றர் துண்டு மூண்டு. நீளத் துண்டில மூண்டு வெட்டு, கட்டைத் துண்டில ரெண்டு வெட்டு. வெட்டின்ரை ஆழம் துண்டின்ரை பாதி உயரம், அகலம் மட்டையின்ரை தடிப்பு. இறுக்கமா வெட்டினால் கிழியும், தளர்வா வெட்டினால் ஆடும். நெளி மேல-கீழா நிக்கவேணும். அப்பதான் மேல வாற பாரத்தைத் தடுப்புத் தாங்கும், கோப்பை தாங்காது. தடுப்பு கோப்பையை விட ஒரு சென்ரிமீற்றர் உயரமா இருக்கட்டும். அறைக்குள்ள கோப்பையைச் சுத்தி கசக்கின வெள்ளைத்தாள். பழைய பத்திரிகைத் தாள் நேர முட்டினால் மை பிடிக்கும், அதை வெளிச்சுத்துக்கு மட்டும் வையுங்கோ. காது உள்ள கோப்பையளை காது மூலையைப் பாக்க வையுங்கோ, அங்கைதான் இடம் கூட.

மூடேக்கை மேல்மட்டம் தட்டையா இருக்கோணும். புடைச்சால் மேல வைக்கிற பெட்டியின்ரை பாரம் சாமானுக்குள்ள இறங்கும், குழிஞ்சால் மூடி உள்ளுக்கு விழும். காட்போட் பெட்டியின்ரை பலம் பெரும்பாலும் நாலு மூலையிலதான் இருக்கு, அடுக்கேக்கை மூலைக்கு மேல மூலை வரவேணும். ரேப் 48 மில்லிமீற்றர் அகலமானது. நடுமூட்டிலை ஒண்டு, ரெண்டு ஓரத்திலையும் ஒவ்வொண்டு, மேலையும் கீழையும். சணல் கயிறு கட்டுறது எண்டால் கயிறு விளிம்பில வெட்டாமல் இருக்க, மடிச்ச மட்டைத் துண்டை ஒவ்வொரு விளிம்பிலையும் குடுத்துக் கட்டுங்கோ. ஒரு பெட்டி 15 கிலோவுக்கு மேல போகவேண்டாம். அதுக்கு மேல எண்டால் தூக்கிறவை உருட்டத் தொடங்கிடுவினம்.

ஈரம் காட்போட்டின்ரை எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள கட்டின பெட்டி, காய்ஞ்ச பெட்டியின்ரை பலத்தில பாதியைக்கூட இழந்துபோகலாம். கொன்ரெய்னருக்குள்ளையும் பகல் வெக்கை, இராக் குளிர் மாறி மாறி வர, கூரையில தண்ணி முத்து முத்தாத் திரண்டு சொட்டும். மாசி, பங்குனியில கட்ட முடிஞ்சால் நல்லது. முடியாட்டி, மட்டைகளை வெய்யிலில காயவைச்சு, உள்ளுக்குப் பொலித்தீன் விரிச்சு, சிலிக்கா ஜெல் பொதியள் போட்டு மூடுங்கோ. கட்டின பெட்டியளை சீமெந்து நிலத்தில வைக்காமல் மரப்பலகையில வையுங்கோ. நிலத்து ஈரமும் கறையானும் அடியிலதான் ஏறும்.

காசுக் கணக்கையும் பாருங்கோ. 30 சென்ரிமீற்றர் சதுரப் பெட்டியை 40 சென்ரிமீற்றர் பெட்டிக்குள்ள வைச்சு, சுத்திவர 5 சென்ரிமீற்றர் மடிப்பு வைக்கிறது மிகப் பாதுகாப்பு. ஆனால் கன அளவு 0.027 இல இருந்து 0.064 கன மீற்றருக்குப் போகும், ரெண்டு மடங்குக்கும் மேல. கப்பலில கன மீற்றருக்குத்தான் காசு. கூரியரில நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில பெருக்கி, 5000 ஆல பிரிச்சு, வாறதைக் கிலோ நிறையா எடுக்கிற கணக்கு எண்டால் 5.4 கிலோ 12.8 கிலோவாகும். அதனால பெட்டிக்குள்ள பெட்டி, திரும்ப வாங்க ஏலாத சாமானுக்கு மட்டும். அம்மம்மாவின்ரை சீனாத் தேத்தண்ணிச் செற்றுக்கு அது தகும். போன வருசம் வாங்கின கிளாசுக்குத் தகாது.

—

கேள்வி: அண்ணை, மண்சட்டியளை ஒண்டுக்குள்ள ஒண்டு வைச்சு அனுப்பலாமோ? இடம் மிச்சமாகும் எண்டு அம்மா சொல்லுறா.

மறுமொழி: வைக்கலாம் தங்கச்சி, ஆனால் சட்டியும் சட்டியும் தொடக்கூடாது. முதல்ல ரெண்டு நாள் நல்ல வெய்யிலில காயவிடச் சொல்லுங்கோ. மண் குடிச்ச தண்ணி பெட்டிக்குள்ளதான் வெளியில வரும், வந்து மடிப்பெல்லாத்தையும் நொய்யப் பண்ணிவிடும். பிறகு ஒவ்வொரு சட்டியின்ரை விளிம்பிலையும் 5 சென்ரிமீற்றர் அகல ஒற்றை நெளித் துண்டை, நெளி நிமிர்ந்து நிக்கிற மாதிரி சுத்தி ரேப் அடிக்கோணும். சட்டி உடையிறது பெரும்பாலும் விளிம்பில தொடங்கித்தான். உள்ளுக்குப் பேப்பரைக் கசக்கி மெதுவாப் போடுங்கோ. திணிச்சு அடைச்சால், வெளியால அடி படேக்கை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கும். கவிழ்த்து வையுங்கோ, அடியில நெளிக்குக் குறுக்கால மடிச்ச விறைப்பான விசிறி. குத்துவிளக்கு, அம்மி போன்றதை அதே பெட்டிக்குள்ள போடவே வேண்டாம். விளக்கைப் புரி கழட்டித் துண்டு துண்டாத் துணியில சுத்தி வேற பெட்டியில.

மெல்பேர்ணில இருந்து ஒருத்தர் எழுதினது: இங்கை வாறவை கவனிக்கோணும். வைக்கோல், உமி, காய்ஞ்ச ஓலை, தென்னந்தும்பு எதையும் அடைசலாப் போடவேண்டாம். உயிரியல் பாதுகாப்புச் சோதனையில மறிப்பினம், துப்புரவாக்கிற செலவும் உங்கடை தலையிலதான். பழம், மரக்கறி, முட்டை, இறைச்சி வந்த பெட்டியளுக்கும் அதே பிரச்சினை. மரச்சட்டம் அடிச்சுக் கட்டினால் அந்த மரத்துக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (பூச்சி இல்லாமல் பதப்படுத்தின மரம் எண்டு காட்டுற சர்வதேச முத்திரை) வேணும். காட்போட்டுக்கு அது தேவையில்லை, மடிச்ச மட்டை நல்லது எண்டுறதுக்கு அதுவும் ஒரு காரணம். மண்சட்டியின்ரை அடியில ஒட்டின மண்ணைத் தேய்ச்சுக் கழுவி அனுப்பச் சொல்லுங்கோ.

ரொறன்ரோவில இருந்து ஒருத்தர் எழுதினது: கனடாவுக்குக் குடியேறுறவை முதல் வந்து இறங்கேக்கையே, பிறகு வரப்போற சாமான்ரை பட்டியலை எல்லை அதிகாரியிட்டைக் குடுக்கோணும். பிஎஸ்எஃப்186 எண்ட படிவம். அந்தப் பட்டியலைப் பெட்டி இலக்கத்தோட எழுதினால் ரெண்டு வேலை ஒண்டாகும். "பெட்டி 7: கோப்பை 12, தட்டு 6" எண்டு இருந்தால், சோதனைக்குத் திறக்கிறவைக்கு மற்றப் பெட்டியளைக் கிளறத் தேவை குறையும். திறந்தால் திரும்ப உங்களைப் போல மடிச்சு வைக்கமாட்டினம். மூடியின்ரை உள்பக்கத்தில எந்த மடிப்பு எங்கை எண்டு சின்னப் படம் கீறி ஒட்டிவிடுங்கோ.

லண்டனில இருந்து ஒருத்தர் எழுதினது: காப்புறுதி எடுக்கிறவை ஒரு வரியைத் தேடிப் பாருங்கோ: பெட்டியைக் கட்டினது ஆர் எண்டு. சொந்தமாக் கட்டின பெட்டிக்குள்ள உடைஞ்சதுக்குப் பொதுவாக் குடுக்கமாட்டினம், முழுப் பெட்டியும் துலைஞ்சால் மட்டும் குடுப்பினம். அதனால விலை கூடின ஒண்டு ரெண்டை மட்டும் கம்பனிக்காரரைக் கொண்டு கட்டுவிக்கிறது ஒரு வழி. அவை கட்டேக்கையும் வீட்டு ஆள் பக்கத்தில நிண்டு, ஆறு பக்கமும் இடம் விடுகினமோ எண்டு பாக்கட்டும்.

பெட்டி வந்து சேர்ந்ததும் கையெழுத்துப் போட முன்னம் நாலு மூலையையும் படம் எடுங்கோ. நசுங்கி இருந்தால் ரசீதிலயே எழுதிவிடுங்கோ. ரேப்பை வெட்டேக்கை பிளேட்டின்ரை நுனியை மட்டும் ஒரு சென்ரிமீற்றருக்கு உள்ள நீட்டி வெட்டுங்கோ, மேல்மடிப்புக்குக் கீழ படம் இருக்கும். உள்ளுக்கு ஏதாவது உடைஞ்சிருந்தால் மட்டைகளை எறியவேண்டாம். எந்த மடிப்பு எவ்வளவு நசுங்கி இருக்கு எண்டதைப் பாத்துத்தான், எந்தப் பக்கத்தால விழுந்தது எண்டு கோரிக்கையில எழுத ஏலும்.