ரேண்டம் ஆக்சஸ் மெமரிஸ்: 2013 சிடி கையில் இருந்தால் 2023 பதிப்புகள் தேவையா?

சுழல்33:
பிரெஞ்சு மின்னிசை இரட்டையர் டாஃப்ட் பங்கின் கடைசி ஆல்பம் இது, 2013 சிடியும் வினைலும் கைவசம் உண்டு. 2023 மே மாதம் பத்தாண்டுப் பதிப்பும், நவம்பரில் டிரம்ஸ் இல்லாத பதிப்பும் வந்துவிட்டன. மூன்று சந்தேகம். பத்தாண்டுப் பதிப்பின் முதல் தட்டில் இருப்பது பழைய மாஸ்டர்தானா (பிரதிகளுக்கு மூலமான இறுதி ஒலிப்பதிவு)? இரண்டாவது தட்டு கொடுத்த காசுக்குத் தேறுமா? வினைலில் கடைசிப் பாட்டு 'கான்டாக்ட்' முடியும் இடத்தில் ஒரே கரகரப்பு. குறை தட்டிலா, ஊசியிலா?

உள்கீறல்:
மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலில் சிடியில் அதே இடத்தைக் கேளுங்கள். 'கான்டாக்ட்' அப்போலோ 17 பயணத்தில் யூஜின் செர்னன் பேசிய பேச்சில் தொடங்கி, இரைச்சலாக ஏறி ஏறி உடைந்து முடிகிற பாட்டு. பாதிக் கரகரப்பு வேண்டுமென்றே வைத்தது. இது தெரியாமல் நல்ல தட்டைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

மீதிப் பாதிக்குக் காரணம் இடம். நான்காம் பக்கம் கிட்டத்தட்ட 21 நிமிடம். இருப்பதிலேயே சத்தமான பகுதி மையத்தை ஒட்டி வந்து விழுகிறது. 33⅓ வேகத்தில் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 செ.மீ. கீறல் ஓடும்; உள் ஓரத்தில் 21 செ.மீ. தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து உட்காரும்போது உருண்டை முனை ஊசியால் அந்த வளைவுகளுக்குள் நுழைய முடியாது.

சோதிக்க 'கான்டாக்ட்' வேண்டாம், அதற்கு முந்தைய 'டூயின் இட் ரைட்' போதும். பாடுபவரின் 'ஸ'கரம் சிடியில் சுத்தமாகவும் தட்டில் 'ஷ்' என்று சிதறியும் கேட்டால் ஊசிப் பக்கம்தான் கோளாறு. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை அட்டை அளவுகோல் வைத்து இரண்டு புள்ளியிலும் நேராக்குங்கள். ஊசி தட்டை அழுத்தும் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்பது தவறு. ஊசி துள்ளித்தான் கீறலை உடைக்கும். அப்படியும் போகாவிட்டால் நீள்வட்ட முனையோ, அதைவிட மெல்லிய மைக்ரோலைன் முனையோ வாங்க வேண்டியதுதான்.

பூச்சியக்கோடு:
மாஸ்டர் விஷயம். பத்தாண்டுப் பதிப்பை ரீமாஸ்டர் என்று சொல்லி விற்கவில்லை. ஆனால் என் பேச்சை நம்ப வேண்டாம், பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

இரண்டு சிடியிலிருந்தும் ஒரே பாட்டை ஒலித்தரம் குறையாமல் வேவ் அல்லது ஃப்ளாக்காக எடுங்கள். எம்பி3 உதவாது, அதன் சுருக்கப் பிசிறே வித்தியாசம் போலத் தெரியும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து, புள்ளி புள்ளியாகத் தெரியும் வரை பெரிதாக்கி, ஒரு கூரான அடி இரண்டிலும் ஒரே புள்ளியில் விழும்படி நகர்த்துங்கள். ஒரு புள்ளி தள்ளியிருந்தாலும் உச்சஸ்தாயி மிஞ்சி உங்களை ஏமாற்றும். பிறகு ஒன்றை மட்டும் தேர்ந்து 'இன்வெர்ட்' (அலையைத் தலைகீழாக்குவது) கொடுத்து இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். முழு மௌனம் என்றால் அதே மாஸ்டர். பாட்டு முழுதாக, ஆனால் சன்னமாகக் கேட்டால் ஒலியளவு மட்டும் மாறியிருக்கிறது. சத்தமான இடங்களில் மட்டும் துண்டு துண்டாக எச்சம் வந்தால், உச்சிகளை அடக்கும் லிமிட்டரில் கை வைத்திருக்கிறார்கள்.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் டிஆர் மீட்டர் எண்ணை வைத்து சிடியையும் வினைலையும் ஒப்பிடாதீர்கள். ஒரே மாஸ்டரிலிருந்து வெட்டினாலும், வெட்டும்போதும் ஓட்டும்போதும் ஒலி அலைகளின் கட்டம் (ஃபேஸ்) நகர்ந்து உச்சிகள் உயரும். எண் கூடும், ஒலி மாறாது.

சுழல்33:
நன்றி. இதே முறையில் மூலத்திலிருந்து டிரம்ஸ் இல்லாத பதிப்பைக் கழித்தால் ஒமர் ஹக்கீமின் டிரம்ஸ் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

பூச்சியக்கோடு:
கிடைக்காது. மூலத்தில் கிக், ஸ்நேர் டிரம்களின் அடி விழும்போதெல்லாம், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் மாஸ்டர் கம்ப்ரஸரும் லிமிட்டரும் மொத்தக் கலவையையும் ஒரு கணம் அமுக்கியிருக்கும். டிரம்ஸை எடுத்துவிட்டால் அந்த அமுக்கமும் போய்விடும். எனவே பேஸும் கிட்டாரும் இரண்டு பதிப்பிலும் கணத்துக்குக் கணம் வேறு வேறு அளவில் நிற்கும். கழித்தால் டிரம்ஸோடு அவற்றின் ஆவியும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஸ்ட்ரீமிங்கில் ஒப்பிடுவதானால் ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிரம்ஸ் போனதால் சன்னமான பாட்டை ஆப் தூக்கிக் கொடுக்கும். 'அட, கிட்டார் இவ்வளவு தெளிவா' என்று தோன்றுவதில் பாதி அதனால்தான்.

நாலுகாலம்:
இரண்டாவது தட்டைப் பற்றி. மூல ஆல்பமே 74 நிமிடத்தைத் தாண்டுகிறது, கூடுதல் இசை 35 நிமிடம், அதனால்தான் தனித்தட்டு. ஒன்பது பகுதிகளில் 'ஹொரைசன்' முன்பு ஜப்பான் சிடியில் மட்டும் இருந்தது. முழுப் பாட்டென்று நிற்பது பாடகர் ஜூலியன் காசாபிளாங்கஸும் அவருடைய த வாய்ட்ஸ் குழுவும் சேர்ந்த 'இன்ஃபினிட்டி ரிப்பீட்டிங்'. 'கெட் லக்கி'யின் ஆரம்ப டேக் (முதற்கட்டப் பதிவு) அரை நிமிடத் துணுக்கு, எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். 'டச்'சின் 2021 வடிவம், டாஃப்ட் பங்க் தங்கள் பிரிவை அறிவித்த அந்த பிப்ரவரி 22 காணொளியில் ஒலித்ததுதான்.

தட்டின் உண்மையான சரக்கு 'ஃபிராக்மென்ட்ஸ் ஆஃப் டைம்' எழுதப்பட்ட விதம் பற்றிய எட்டு நிமிடப் பதிவு. அந்தப் பாட்டைப் பாடிய டாட் எட்வர்ட்ஸோடு உட்கார்ந்து வரியைத் தேடுவது, மெட்டை முணுமுணுப்பது, விடுவது, திரும்ப எடுப்பது எல்லாம் அப்படியே கேட்கும். பாட்டெழுதுகிறவர்களுக்கு இது ஒன்றே போதும். மற்றவர்கள் ஸ்ட்ரீமிங்கில் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

டிரம்ஸ் இல்லாத பதிப்பை ஆல்பமாக வாங்கச் சொல்ல மாட்டேன். 'வித்தின்', 'டச்' இரண்டும் தாங்கும். 'லூஸ் யுவர்செல்ஃப் டு டான்ஸ்' முதுகெலும்பு உருவிய மாதிரி ஆகிவிடுகிறது. டிரம்ஸ் பழகுபவர்களுக்கோ அது பொக்கிஷம்: 'லூஸ் யுவர்செல்ஃப் டு டான்ஸ்' பாட்டுக்கு நிமிடத்துக்கு 100 அடி, 'கெட் லக்கி'க்கு 116 என்று மெட்ரோனோம் (தாளக் கருவி) வைத்து, கிட்டாரின் முதல் அடியில் ஒட்டுங்கள். நான்காம் நிமிடத்தில் தள்ளிப்போயிருந்தால் வேகத்தைத் தசம அளவில் திருத்தினால் போதும். பாட்டை இழுக்கவோ சுருக்கவோ வேண்டாம், கிட்டாரின் வெட்டு மழுங்கிவிடும்.