ரப்பர் காட்டுக்கு நடுவுல எங்க பள்ளிக்கூடம்

பேச்சிப்பாறைக்காரி:
சின்னப் பள்ளிக்கூடத்துல பிள்ளையைச் சேக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் படிச்சதும் அப்படி ஒண்ணுதான். ரெண்டு மலைக்கு நடுவுல, சுத்திலும் ரப்பர். கிறிஸ்தவ சபை நடத்துற தனியார் பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு வரைதான், வகுப்புக்கு ஒரே பிரிவு.

அப்பாவுக்கு ரப்பர் மரத்துல பால் வெட்டுற வேலை. விடியுமுன்ன வெட்டினாத்தான் பால் நல்லா இறங்கும். சிரட்டையில வடிஞ்ச பாலை வாளியில சேக்குறது நானும் அம்மையும். அதனால காலை ஜெபத்துக்குப் பிந்தித்தான் போய்ச் சேருவேன். சட்டைக் கையில பால் பட்ட இடமெல்லாம் தவிட்டு நிறத்துல காஞ்சு கிடக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. கணக்கு டீச்சர் ஒரு நாளும் வாசல்ல நிறுத்தினதில்ல. "இண்ணைக்கு எத்தன மரம் மக்களே?"ன்னு கேட்டு உள்ளே விடுவாங்க. விட்டுப்போன கணக்கை மத்தியானம் சோறு தின்ன பிறகு பக்கத்துல உக்காந்து சொல்லித் தருவாங்க.

2017 நவம்பர் 30-ல ஒக்கி புயல் அடிச்சது. அப்பா வெட்டுற தோட்டத்துல பாதி மரம் வேரோட சாஞ்சு போச்சு. புதுசா நட்டாலும் பால் எடுக்க ஏழு வருசமாவது ஆகும். பள்ளிக்கூடம் திறந்ததும் தாளாளர் அப்பாவை வரச் சொன்னார். பீஸுக்குத்தான்னு அம்மை அழுதே விட்டா. அவர் கேட்டதோ, எத்தன மரம் போச்சு, வேற வேலை உண்டாங்கிறதைத்தான். "பிள்ளையை மட்டும் நிறுத்திராதீங்க"ன்னு சொல்லி அனுப்பினார். அந்த வருசம் ஒட்டுப்பால், அதாவது மரத்துலயும் சிரட்டையிலயும் ஒட்டிக் காஞ்ச ரப்பர், வித்துக் கிடைச்சதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினோம். யாரும் முகம் சுளிக்கல.

அருமனைப் பக்கம்:
அக்கா சொல்றது சரிதான். நாங்க கோயிலுக்குப் போற குடும்பம், ஆனா படிச்சது இப்படி ஒரு பள்ளிக்கூடத்துல. கிறிஸ்தவப் பிள்ளைங்க வேதபாடம் படிக்கிற நேரம் எங்களுக்கு நீதிபோதனை வகுப்பு. மதம் மாறச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்ல. 1806-ல ரிங்கல்தௌபேன்னு ஒரு மிஷனரி மயிலாடிக்கு வந்த காலத்துல இருந்தே நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல சபையும் பள்ளிக்கூடமும் ஒண்ணாத்தான் வளந்துது. எங்க பாட்டி எழுத்து படிச்சதும் மிஷன் பள்ளிக்கூடத்துலதான்.

ஒரு குறை உண்டு. லேப் பேருக்குத்தான் இருந்துது. பிளஸ் ஒன்னுக்கு வேற ஊர் போய், முதல் சில மாசம் திரவத்தை அளந்து எடுக்கிற பிப்பெட்டுக் குழாயைப் பிடிக்கவே தெரியாம முழிச்சேன். சேக்குறதுக்கு முன்ன லேப் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்க. ஜூன் மழையில மலைப்பாதைக்கு பஸ் ஒழுங்கா வருதான்னும் அங்க உள்ள ஆட்கள்ட்ட கேட்டுக்கோங்க.